சிஸ்கோ ரவுட்டர்ல இத்தனை மோட் எதுக்கு? இதையெல்லாம் எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

நீங்க இப்பதான் சிசிஎன்ஏ (சிஸ்கோவோட நெட்வொர்க் சர்டிஃபிகேட் பரிட்சை) படிக்க ஆரம்பிச்சிருப்பீங்க, கோச்சிங் சென்டர்ல கமாண்ட் லிஸ்ட்ட ஜெராக்ஸ் போட்டுக் குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். எனக்கும் அதான் நடந்துச்சு. மனப்பாடம் வேண்டாங்க, ப்ராம்ப்ட்டப் பாருங்க, அதாவது கமாண்ட் அடிக்கற வரியோட தொடக்கத்துல ரவுட்டரே காட்டறது. எந்த மோட்ல நிக்கறீங்கன்னு அதுவே சொல்லும். ஹோஸ்ட்நேம் (ரவுட்டரோட பேரு) பக்கத்துல > இருந்தா யூசர் மோட், கொஞ்சம் பார்க்கலாம், எதையும் மாத்த முடியாது. எனேபிள் அடிச்சா # வரும், ஷோ ரன் (இப்ப ஓடற செட்டிங் முழுசையும் காட்டற கமாண்ட்) அங்கதான் ஓடும். கான்ஃப் டி அடிச்சா அடைப்புக்குறிக்குள்ள கான்ஃபிக்னு வரும், இன்டர்ஃபேஸுக்குள்ள (கேபிள் சொருகற போர்ட்) போனா அது கான்ஃபிக்-இஃப், ஓஎஸ்பிஎஃப்க்குள்ள (ரவுட்டிங் ப்ரோட்டோகால்) போனா கான்ஃபிக்-ரவுட்டர். எக்ஸிட் ஒரு படி வெளிய விடும், எண்ட் நேரா # க்கே கொண்டு வந்துடும். எங்க நின்னாலும் கேள்விக்குறி போட்டா அங்க என்னென்ன அடிக்கலாம்னு அதுவே காட்டும்.

ஆனா ப்ராம்ப்ட் ஒண்ண மட்டும் சொல்லாது. கான்ஃபிக்-இஃப்னு காட்டுமே தவிர எந்த இன்டர்ஃபேஸ்னு காட்டாது. இதுல நான் மாட்டியிருக்கேன்.

கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு ஓசூர்ல ஒரு கிளையன்ட்டோட குடோன் ரவுட்டர்ல ராத்திரி பதினொண்ணரைக்கு வேலை. கிக் 0/0 ங்கற போர்ட்தான் வேன் (WAN) லிங்க், அதாவது வெளியுலகத்தோட சேர்க்கற லைன், அதுக்கு டிஸ்கிரிப்ஷன் போடணும், சும்மா கிடக்கற 0/2 வ ஷட் பண்ணணும், அவ்வளவுதான். டிஸ்கிரிப்ஷன் போட்டேன், டூ ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப் அடிச்சு 0/2 வ கண்ணால பார்த்தேன், பார்த்ததுல அதுக்குள்ளயே போய்ட்ட மாதிரி மனசுல பட்டுடுச்சு, ஷட்டவுன்னு அடிச்சுட்டேன். ஆனா நான் நின்னது இன்னும் 0/0 லதான், உள்ள வந்த லிங்க்கையே அறுத்துட்டேன், கர்சர் அப்படியே நின்னுடுச்சு. கையெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. காலைல ஆறு மணிக்கு அங்க பில்லிங் ஆரம்பிக்கணும்.

நல்லவேளை ரைட் (write, சேவ் பண்ற கமாண்ட்) அடிக்கல. நம்ம அடிக்கறதெல்லாம் ரன்னிங் கான்ஃபிக்ல, ரேம்ல இருக்கும், சேவ் பண்ணாதான் என்விரேம்ல (பவர் போனாலும் அழியாத மெமரி) ஸ்டார்ட்டப் கான்ஃபிக்குக்குப் போகும். அதனால பவர ஆஃப் பண்ணிப் போட்டா பழைய கான்ஃபிக்கோட எந்திரிச்சுடும். வாட்ச்மேன் ஐயாவுக்குப் போன் போட்டேன். டார்ச்ச எடுத்துக்கிட்டு மாடியேறி, "பின்னாடி சுவிட்சு இருக்கே, இதுவா தம்பி?"ன்னு கேட்டு, ஆஃப் பண்ணி பத்து எண்ணிட்டு ஆன் பண்ணாரு. பூட் ஆகி என் பிங்குக்கு ரவுட்டர் பதில் குடுக்கற வரைக்கும் போன வைக்கவே இல்ல.

அதுலருந்து ரிமோட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி சேவ் பண்ணிட்டு, # லயே ரீலோட் இன் 10 போட்டுடுவேன். லைன் அறுந்தா பத்து நிமிஷத்துல அதுவே ரீபூட் ஆகிப் பழசுக்குத் திரும்பிடும், எல்லாம் சரியா இருந்தா ரீலோட் கேன்சல் அடிச்சுட்டு சேவ். ஜூனிப்பர்ல (இன்னொரு கம்பெனி ரவுட்டர்) இதே மாதிரி தானா பழசுக்குத் திரும்பற கமிட் கன்ஃபர்ம்ட் இருக்கேம்பாங்க, இருக்கு, நல்ல விஷயம், கேள்வி சிஸ்கோ பத்திங்கறதால இத சொல்றேன். ஆட்டோமேஷன் வந்தப்புறம் சிஎல்ஐ (இப்படி கமாண்ட் அடிச்சு வேலை பார்க்கறது) எதுக்குன்னும் சிலர் வருவாங்க. லிங்க் விழுந்த ரவுட்டருக்கு எந்த ஸ்கிரிப்ட்டும் போய்ச் சேராதுங்க, கன்சோல் கேபிள (ரவுட்டர்ல நேரா சொருகற கேபிள்) சொருகி, ஸ்பீட 9600ல வெச்சு அந்தக் > முன்னாடிதான் உட்காரணும்.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான். மறுநாள் ரிப்போர்ட்ல "நெட்வொர்க் டீம் ரிமோட்ல சரி செய்தது"ன்னு போட்டாங்க. ஐயா பேரையும் சேருங்கன்னு நான் கேட்டேன், அதெல்லாம் ஃபார்மேட்ல வராதுன்னுட்டாங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாடியேறினது அவரு. இன்னும் எனக்கு ஆறல.