டென்மார்க்கின் சிறிய கிறிஸ்தவக் கட்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சீகன்பால்கு ஐயரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய நாடு டென்மார்க். அங்கே ஒரு கிறிஸ்தவக் கட்சி 2 சதவீத ஓட்டுக்குத் தவியாய்த் தவிக்கிறது என்கிறார்களே, எப்படி?
– நாசரேத் வாசகர்

பதில்: 1705இல் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மிஷன் அது. நெல்லைச் சீமைக்கும் அந்த வழியில் உறவு உண்டு. கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்றுத் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர்தான் 1778இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

1849 அரசியல் சட்டப்படி டென்மார்க்கில் லுத்தரன் சபை அரசின் ஆதரவு பெற்ற மக்கள் சபை. இன்றும் பத்தில் ஏழு பேர் அதன் உறுப்பினர்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் அதே சபையில்தான் இருக்கிறார்கள். ஆகவே சபையைக் காப்பாற்ற ஒரு கட்சி வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலோருக்கு வரவே இல்லை. நம் ஊர் ஆலயத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் ஆளுக்கொரு சின்னத்தில் குத்துகிறார்கள் அல்லவா, அங்கேயும் அதே கதைதான்.

கட்சி பிறந்தது 1970 ஏப்ரல் 13 அன்று, ‘கிறிஸ்தவ மக்கள் கட்சி’ என்ற பெயரில். ஆபாச எழுத்துக்கு இருந்த தடை 1967இலும், படங்களுக்கு இருந்த தடை 1969இலும் நீங்கின. கருக்கலைப்புச் சட்டமும் தளரத் தொடங்கியிருந்தது. இதனால் மனம் கொதித்தவர்கள், நார்வேயில் 1933 முதல் இயங்கிவந்த கிறிஸ்தவக் கட்சியை முன்மாதிரியாகக் கொண்டு இதைத் தொடங்கினார்கள். டென்மார்க்கின் தீபகற்பப் பகுதியான யூட்லாந்தின் மேற்கே உள்ள மீனவ, விவசாய ஊர்களில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வேரூன்றியிருந்த ‘உள்நாட்டு மிஷன்’ என்ற எழுப்புதல் இயக்கத்தின் குடும்பங்கள்தாம் கட்சிக்கு முதுகெலும்பு.

1971 தேர்தலில், நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தேவையான 2 சதவீதத்தை நூலிழையில் தவறவிட்டது. 1973 டிசம்பர் தேர்தல் டென்மார்க்கையே புரட்டிப்போட்டது. மன்றத்தில் 5 கட்சிகள் இருந்த இடத்தில் 10 கட்சிகள் வந்தன. இந்தக் கட்சிக்கு 7 இடம். 1975இல் 5.3 சதவீதமும் 9 இடங்களும் பெற்றது. அதற்குமேல் அது ஏறியதே இல்லை.

வருத்தமான விஷயம் ஒன்று. 12 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதித்த சட்டம் 1973 அக்டோபரிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. கட்சி மன்றத்தில் கால் வைத்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. எதைத் தடுக்கப் பிறந்ததோ அது முடிந்த பிறகுதான் உள்ளே போனது. 2025 ஜூனிலிருந்து அந்த வரம்பு 18 வாரமாகவே ஆகிவிட்டது.

கேள்வி: அந்த 2 சதவீதக் கணக்கைக் கொஞ்சம் விளக்குங்கள். அரசியல் அறிவியல் படிக்கிறேன், பாடப்புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கிறது.
– பாளையங்கோட்டை கல்லூரி மாணவி

பதில்: அவர்கள் மன்றத்தில் 179 இடங்கள். பரோ தீவுகளுக்கு 2, கிரீன்லாந்துக்கு 2 போக, டென்மார்க்குக்கு 175. இதில் 135 இடங்கள் பத்துப் பெரிய தொகுதிகளில் நேரடியாகப் பங்கிடப்படும். மீதி 40 ஈடுசெய்யும் இடங்கள். நாடு முழுக்க வாங்கிய ஓட்டுக்கும் கிடைத்த இடத்துக்கும் பொருத்தம் வரும்படி இவற்றைக் கட்சிகளுக்குக் கொடுப்பார்கள்.

ஈடுசெய்யும் இடம் பெற மூன்று வழிகள். நாடு முழுவதும் 2 சதவீதம் வாங்க வேண்டும். அல்லது ஏதாவது ஒரு பெரிய தொகுதியில் ஒரு நேரடி இடமாவது ஜெயிக்க வேண்டும். மூன்றாவது வழி, நாட்டின் மூன்று வட்டாரங்களில் இரண்டில், அங்கே ஒரு நேரடி இடத்துக்குச் சராசரியாக விழும் ஓட்டு எவ்வளவோ அவ்வளவு வாங்குவது. மூன்றாவதைச் சிறிய கட்சிகள் எட்டுவது அரிது.

இப்போது கணக்குப் போடுங்கள். செல்லுபடியான ஓட்டு சுமார் 35 லட்சம். 2 சதவீதம் என்றால் 70,000. 175இல் 2 சதவீதம் 3.5. ஆகவே கோட்டைத் தொட்டால் ஒரே மூச்சில் 4 இடம், தொடாவிட்டால் ஒன்றுமில்லை. 1988இல் 2.0 சதவீதம், 4 இடம். 1994இல் 2க்குச் சற்றுக் கீழே, பூஜ்யம். 1998இல் 2.5, மறுபடியும் 4. 2005இல் 1.7, மறுபடியும் பூஜ்யம். மக்கள் ஆதரவு கொஞ்சமாகத்தான் ஏறி இறங்கியது, பலனோ முழுசாக மாறியது. ‘எப்படியும் உள்ளே வராது, ஓட்டை வீணாக்குவானேன்’ என்று சொந்த ஆதரவாளர்களே நினைக்கத் தொடங்கினால் 2 சதவீதம் 1 ஆகிவிடும். 2005க்குப் பிறகு நடந்தது அதுதான். 2007இல் 0.9, 2011இலும் 2015இலும் 0.8.

2019 இதைவிடக் கொடுமை. நாடு முழுவதும் 1.7 சதவீதம்தான். ஆனால் மேற்கு யூட்லாந்தில் நேரடி இடம் ஒன்றைச் சில நூறு ஓட்டுகளில் கோட்டைவிட்டது. அது கிடைத்திருந்தால் இரண்டாவது வழி திறந்து, நாடு முழுக்கச் சிதறிக்கிடந்த ஓட்டுகளும் உயிர் பெற்று, 3 இடம் வந்திருக்கும். நம் ராதாபுரத்தில் 2016இல் 49 ஓட்டில் ஒரு இடம் கைமாறியது நினைவிருக்கும். அங்கே அந்தச் சில நூறு ஓட்டு ஒரு கட்சியின் மொத்த வாழ்வையே தீர்மானித்தது. 2022இல் 0.5 சதவீதமாகத் தேய்ந்தது.

மன்றத்துக்கு வெளியே போன கட்சி அடுத்த தேர்தலில் தானாக வாக்குச்சீட்டில் இடம்பெறாது. முந்தைய தேர்தலின் செல்லுபடியான ஓட்டில் 175இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 20,000 வாக்காளர்களின் ஆதரவு அறிவிப்பைச் சேகரிக்க வேண்டும். பிரசாரத்துக்குப் போக வேண்டிய ஆளும் நேரமும் இந்தச் சேகரிப்பிலேயே கரைந்துவிடும்.

கேள்வி: நாலு இடத்தை வைத்துக்கொண்டு என்ன சாதித்துவிட முடியும்?
– அம்பாசமுத்திரம் விவசாயி

பதில்: தாமிரபரணித் தண்ணீரில் பயிர் செய்கிற உங்களுக்கு இந்தப் பதில் பயன்படும்.

டென்மார்க்கில் ஆட்சி அமைக்கப் பெரும்பான்மை தேவையில்லை, எதிராகப் பெரும்பான்மை திரளாமல் இருந்தால் போதும். 1982 செப்டம்பரில் கன்சர்வேட்டிவ் தலைவர் பௌல் ஷ்லூட்டர் நான்கு கட்சிச் சிறுபான்மை அரசு அமைத்தபோது, 4 இடம் மட்டுமே வைத்திருந்த இந்தக் கட்சிக்குச் சுற்றுச்சூழல் துறை கிடைத்தது. கட்சியின் கிறிஸ்டியன் கிறிஸ்டென்சென் 1988 வரை அந்தத் துறையின் அமைச்சர்.

1986 அக்டோபரில் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலுள்ள காட்டெகாட் கடலில் செத்த சிங்கிறால்கள் வலையில் வந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வயலில் இட்ட உரமும் நகரச் சாக்கடையும் கடலில் கலந்தன, பாசி பெருகியது, அது மடிந்து அழுகும்போது அடித்தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. 1987இல் நீர்ச்சூழல் திட்டம் நிறைவேறியது. நைட்ரஜன் கலப்பை 50 சதவீதமும் பாஸ்பரஸ் கலப்பை 80 சதவீதமும் குறைப்பது இலக்கு. சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்துவது, சாணத்தையும் மாட்டு மூத்திரத்தையும் மழை, குளிர் காலத்தில் வயலில் கொட்டாமல் தொட்டியில் தேக்கிப் பயிர் வளரும் பருவத்தில் இடுவது, அறுவடை முடிந்த நிலத்தை வெறுமனே விடாமல் பசுமைப் பயிர் போடுவது ஆகியவை வழிமுறைகள்.

பாஸ்பரஸ் இலக்கு 1990களிலேயே எட்டப்பட்டது. பெரும்பகுதி குழாய் வழியே ஓர் இடத்துக்கு வருவதால் அங்கேயே பிடித்துவிடலாம். நைட்ரஜன் அப்படிப் பிடிபடவில்லை. அது ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கசிவது. 1998இல் இரண்டாவது திட்டம் போட்டு உர அளவின் உச்சவரம்பையும் குறைத்த பிறகு, 2003 வாக்கில்தான் அந்த இலக்கு நெருங்கியது.

புகழ் முழுவதும் இந்தக் கட்சிக்குச் சேராது. சுற்றுச்சூழல் விஷயத்தில் மன்றத்தில் எதிர்க்கட்சிகள் சேர்த்த பெரும்பான்மை, அரசைத் தொடர்ந்து நெருக்கிக்கொண்டே இருந்தது. ஆனாலும் படைப்பைப் பராமரிக்கும் பொறுப்பு மனிதனுடையது என்று நம்பிய ஒரு கட்சியின் கையில் அந்தத் துறை இருந்தது பொருத்தம் என்றே நினைக்கிறோம். ஆபாசத்துக்கும் கருக்கலைப்புக்கும் எதிராகப் பிறந்த கட்சியின் பேர் சொல்ல நிற்பது தண்ணீருக்குச் செய்த வேலைதான்.

1993இல் சோஷியல் டெமாக்ரட் பிரதமர் நியூரப் ராஸ்முசென் அரசிலும் சேர்ந்தது. வலதுசாரிகளோடு மட்டும்தான் போகும் என்று அதுவரை எண்ணியிருந்த ஆதரவாளர் பலருக்கு அது நெருடல். அடுத்த ஆண்டே மன்றத்தைவிட்டு வெளியேறியது.

கேள்வி: ஜெர்மனியின் பெரிய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் இதுவும் ஒரே வகையா?
– வடக்கன்குளம் வாசகி

பதில்: தூரத்து உறவு. ஜெர்மன் கட்சி 1945இல் கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சபையாரையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. அதன் பின்னால் 13ஆம் லியோ பாப்பரசரின் 1891ஆம் ஆண்டுத் தொழிலாளர் சுற்றுமடல், கத்தோலிக்கரின் பழைய சென்டர் கட்சி என்று நீண்ட மரபு இருக்கிறது. டென்மார்க் கட்சிக்கு அப்படித் தாங்கும் கத்தோலிக்க சமூகமும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. 2003இல் ‘கிறிஸ்தவ ஜனநாயகவாதிகள்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது ஐரோப்பியக் குடும்பத்தோடு நெருங்கத்தான். இரண்டே ஆண்டில் மன்றத்தை இழந்தது.

கேள்வி: நம் பக்கம் இப்படி ஒரு கட்சி தொடங்கிப் பதிவு செய்ய முடியுமா?
– சாயர்புரம் வாசகர்

பதில்: கட்சி தொடங்கலாம், ஆனால் அந்தப் பெயரில் பதிவு கிடைக்காது. மதப் பெயர் கொண்ட புதிய கட்சிகளைப் பதிவதில்லை என்று தேர்தல் ஆணையம் 2005இல் கொள்கை முடிவு எடுத்துவிட்டது.

வேறு பெயரில் என்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29அ பிரிவின்படி அமைப்பு தொடங்கிய 30 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் உள்ள 100 உறுப்பினர்களாவது வேண்டும். கட்டணம் 10,000 ரூபாய். கட்சியின் விதிகளில் அரசியல் சட்டத்துக்கும் சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கும் உண்மையாக இருப்போம் என்ற வாசகம் கட்டாயம். பலர் தடுக்கி விழுவது 30 நாள் கெடுவில்தான். கூட்டம் போட்ட தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டு, மனுவை ஆற அமரக் கொடுப்பார்கள், திரும்பி வந்துவிடும். பதிவு ஆனதோடு வேலை முடியாது. ஆறு ஆண்டு எந்தத் தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது.

தேர்தல் களத்தில் அதே சட்டத்தின் 123(3) பிரிவை மறக்கக் கூடாது. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் வெற்றியே செல்லாமல் போகும். இது வேட்பாளரின் மதத்துக்கு மட்டுமில்லாமல் வாக்காளரின் மதத்துக்கும் பொருந்தும் என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆராதனை அறிவிப்பில் வேட்பாளர் பெயரைச் சொல்வது, ஆலய ஒலிபெருக்கியைக் கட்சிக் கூட்டத்துக்குக் கொடுப்பது போன்றவையும் தேர்தல் நடத்தை விதிப்படி கூடாது. சேகரக் கமிட்டியார் இதைத் தேர்தல் தேதி அறிவித்த அன்றே எல்லாச் சபைகளுக்கும் எழுத்தில் அனுப்பிவிடுவது நல்லது.