நிற்பவர் உயிரோடுதான் இருக்கிறார்: பழைய புகைப்படங்கள் பற்றிக் கேள்வி பதில்

வீட்டிலுள்ள டாகுரோடைப் படம் மங்கிவிட்டது. மெல்லிய துணியால் துடைக்கலாமா?
வேண்டாம். செம்புத் தகட்டின் வெள்ளிப் பூச்சுமேல் பாதரச ஆவி பட்டு உருவான படம் அது. விரல் பட்டாலே கன்னம் போய்விடும். கண்ணாடியைத் திறக்காமல் ஆவணப் பாதுகாப்பாளரிடம் கொடுங்கள்.

படத்தில் நிற்பவரின் காலுக்குப் பின்னால் இரும்புத் தாங்கி தெரிகிறது. பிணத்தை நிறுத்தி வைத்து எடுத்ததா?
இல்லை. தலை ஆடாமலிருக்கப் பின்கழுத்தில் பொருத்தும் கவைக்கான தாங்கி அது. ஒரு பிணத்தின் எடையை அது தாங்காது. இறந்தவர்களைப் படமெடுத்தது உண்மைதான். பெரும்பாலும் படுக்கையிலோ பெற்றோர் மடியிலோ கிடத்தி எடுத்தார்கள்.

அந்தக் காலப் படங்களில் யாருமே சிரிப்பதில்லையே. எக்ஸ்போஷர், அதாவது படம் பதிய ஆகும் நேரம், நீளம் என்பதுதானே காரணம்?
டாகுரோடைப் அறிமுகமான 1839-க்கு அது பொருந்தும். அப்போது நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். 1850-களில் நல்ல வெளிச்சத்தில் சில நொடிகள் போதும், சிரித்திருக்கலாம். ஆனால் படம் என்றால் ஓவியம்போல, ஆயுளுக்கும் நிற்கிற முகம். அதில் பல்லைக் காட்டுவது மரியாதை இல்லை என்றே நினைத்தார்கள்.

சிலருக்கு அது மரியாதைக்கும் மேலே. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பி வந்து, அடிமை ஒழிப்புக்காகப் பேசிய ஃபிரெடெரிக் டக்ளஸின் படங்கள் சுமார் 160 கிடைத்திருக்கின்றன. லிங்கனின் படங்களைவிட அதிகம். ஏறக்குறைய எதிலும் சிரிப்பில்லை. சிரித்துக்கொண்டே உழைக்கும் அடிமை என்று கேலிச்சித்திரங்கள் வந்த நாட்டில், விறைத்த காலரும் நேர்ப்பார்வையுமாக அவர் பதில் சொன்னார்.

அப்படியானால் கேமரா விடுதலைக் கருவி என்று சொல்லலாம்தானே?
அவசரப்படாதீர்கள். 1850-ல் தென் கரோலினாவின் கொலம்பியாவில் ஜோசப் ஸீலி என்பவர் அடிமைகளாக இருந்த ஏழு பேரைப் படமெடுத்தார். ஹார்வர்டு விஞ்ஞானி லூயி அகாசிக்கு, கறுப்பினத்தவர் வெள்ளையரிலிருந்து வேறான தனிப் படைப்பு என்று நிறுவ வேண்டியிருந்தது. ரென்டி என்ற முதியவரைச் சட்டையில்லாமல் நிறுத்தினார்கள். எப்படி நிற்பது, என்ன உடுத்துவது, எதுவும் அவர் கையில் இல்லை. டக்ளஸைப் பதிந்த அதே வெள்ளித் தகடுதான் இதையும் பதிந்தது.

கருவியைக் குறை சொல்லாதீர்கள். எடுத்தவர்தானே தவறு செய்தார்?
ஸீலி கருவியை நன்றாகவே கையாண்டார், படங்கள் துல்லியம். நான் கேட்பது, படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்று. ரென்டியை முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுத்தார்கள்: குற்றவாளிகளை அடையாளம் காண 1880-களில் பெர்ட்டியோன் பாரிஸ் போலீசுக்கு வகுத்த முறையும் இதுதான். ஆளை ஆளாகப் பார்க்க யாரும் பக்கவாட்டில் நிறுத்துவதில்லை.

மறுபடியும் நான்தான். காசு கொடுத்துப் படமெடுத்தவருக்கு மட்டும்தான் முகம் சொந்தமா?
நல்ல கேள்வி. சோஜர்னர் ட்ரூத்தைப் பாருங்கள். முன்னாள் அடிமை, எழுதப் படிக்கத் தெரியாது. 1864-ல் தன் படங்களைத் தன் பெயரிலேயே பதிப்புரிமை பதிவுசெய்து விற்றார். மடியில் பின்னல் நூல். கீழே ஒரு வரி: நிழலை விற்று நிஜத்தைக் காக்கிறேன் என்ற பொருளில். 1854-ல் பாரிஸ் புகைப்படக்காரர் டிஸ்டேரி காப்புரிமை பெற்ற சிறு அட்டைப்படம் மலிவாக இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. ஒரே தகட்டில் எட்டுப் படம் எடுக்கலாம். ஆக, காசும் முக்கியம். அதைவிட, விற்பது யார் என்பது.

என்னிடமுள்ள டாகுரோடைப்பில் ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் மாறியிருக்கிறது.
கண்ணாடி பிம்பம், டாகுரோடைப் இடம் வலம் மாறித்தான் பதியும்.

இந்தப் பெண்ணின் கண் வெறித்துப் பார்க்கிறது. இறந்தவரா?
இல்லை.

இந்தக் குழந்தை?
கை மங்கலாக இருக்கிறதே, ஆட்டியிருக்கிறது. செத்தவர் ஆடமாட்டார்.

பழைய கேமரா ஒன்று இருக்கிறது, எவ்வளவுக்குப் போகும்?
ஏலக்காரரிடம் கேளுங்கள்.

டாகுரோடைப் பெட்டியைத் திறந்து சும்மா ஊதிப் பார்த்தால்?
முதல் பதிலைப் படியுங்கள். ஊதவும் கூடாது.