தொண்டைப் புற்றுச் சிகிச்சை முடிந்த பிறகு: வாசகர் கேள்வி – பதில்

தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர்கள் தங்கள் அன்றாடச் சிரமங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, நோயாளிகளின் மனைவியரும் மகள்களும் எழுதியவை. 'நோயே போய்விட்டது, இதையெல்லாம் போய் மருத்துவரிடம் சொல்லலாமா' என்ற தயக்கம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தெரிகிறது. பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் பயிற்சி அளிப்பதே என் தொழில் என்பதால், அந்தத் தயக்கம் எவ்வளவு காலத்தை வீணடிக்கிறது என்பதை நேரில் பார்த்து வருகிறேன். சில கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 58. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு குரல்வளையில் புற்று என்று கண்டுபிடித்து, அறுவை செய்யாமல் 35 முறை கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். கூடவே கீமோவும் கொடுத்தார்கள். இப்போது நோய் இல்லை என்கிறார்கள். ஆனால் ஒரு கிண்ணம் தயிர்சாதம் சாப்பிட அவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கல்யாண வீட்டுக்கு வந்தாலும் பந்தியில் உட்கார மாட்டேன் என்கிறார். உறவினர்களோ, "உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் பெரிதுபடுத்தாதே" என்கிறார்கள். நான் பெரிதுபடுத்துகிறேனா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் கவனித்திருப்பதை அவருடைய மருத்துவரிடம் இந்த வாரமே சொல்ல வேண்டும். உயிர் பிழைத்தது பெரிதுதான். அதைச் சொல்கிறவர்களும் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு, தன் சிரமத்தைச் சொல்வதே நன்றிகெட்ட செயல் என்று நினைத்து வாயை மூடிக்கொண்ட பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் நிமோனியாவோடு மருத்துவமனைக்குத் திரும்பி வந்தபோதுதான், இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு வேளையும் புரையேறிக்கொண்டிருந்தது வெளியே தெரிந்தது.

நம் வீடுகளில் ஒருவருக்குப் புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவோம். கழுத்தில் கதிர்வீச்சு பெற்ற ஒருவருக்கு அடிக்கடி புரையேறினால் அதை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. உணவோ நீரோ மூச்சுக்குழாயின் பக்கம் போகிறது என்பதே அதன் பொருள். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்பி, மூச்சுக்குழாயின் வாசல் மூடி, உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் நடந்து முடிகின்றன. கதிர்வீச்சு புற்றணுக்களை அழித்த அதே இடத்தில், தசைகளும் அவற்றைச் சுற்றியுள்ள திசுக்களும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகின்றன. அதனால்தான் சிகிச்சை முடிந்த ஆறாம் மாதத்தில் நன்றாகச் சாப்பிட்டவர், மூன்றாம் ஆண்டில் திணறுகிறார். வீட்டில் உள்ளவர்களுக்கு இது புரிவதில்லை. "அப்போதே சாப்பிட்டீர்களே, இப்போது என்ன" என்று கேட்கிறார்கள்.

சாதம் இறங்குகிறது, தண்ணீரில் புரையேறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது முக்கியமான தகவல். தண்ணீர் வேகமாக ஓடும். இறுகிய தசை வாசலை மூடுவதற்குள் அது உள்ளே நுழைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, நீராகாரம் இறங்கி, இட்லியும் சாதமும் நெஞ்சுக்கு மேலே சிக்கிக்கொள்கின்றன என்றால், உணவுக்குழாயின் மேல்பகுதி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சுருக்கத்தை உள்நோக்கிக் கருவி மூலம் விரித்துவிட முடியும். எது உங்கள் கணவருடைய சிக்கல் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் சொல்லி அதை எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. மூக்கின் வழியே மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்ப்பது இன்னொன்று. தொண்டையின் உணர்ச்சி மங்கிப்போனவர்களுக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமலே வராது. ஆகையால், 'இப்போதெல்லாம் புரையேறுவதில்லை' என்று அவர் சொன்னாலும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். தண்ணீர் குடித்தவுடன் குரல் களகளவென்று ஈரமாக ஒலிப்பது, காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்து வந்து போவது, எடை குறைந்துகொண்டே வருவது ஆகியவற்றையும் கவனியுங்கள்.

அதன் பிறகு பயிற்சி. உணவில்லாமல் உமிழ்நீரை மட்டும் முழு பலத்தோடு அழுத்தி விழுங்குவது, நாக்கின் நுனியை முன்பற்களுக்கிடையே மெல்லப் பிடித்துக்கொண்டு விழுங்குவது, விழுங்கும்போது மேலே எழும் குரல்வளையைச் சில விநாடிகள் அங்கேயே நிறுத்தி வைப்பது என்று பல உண்டு. தாடையைக் கீழே தாழ்த்தி விழுங்குவது சிலருக்குப் பாதுகாப்பு, வேறு சிலருக்கு ஆபத்து. எனவே அலைபேசியில் காணொளி பார்த்துத் தாமாகவே தொடங்க வேண்டாம். பரிசோதனை முடிவைப் பார்த்து ஒருவர் வகுத்துத் தர வேண்டும். பயன்படுத்தாத தசை மேலும் சுருங்கும் என்பதால், விழுங்கச் சிரமம் என்று வாய்வழி உணவை முற்றிலும் நிறுத்துவதும் தவறு.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை சில உள்ளன. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க வேண்டாம். வாயில் உணவு இருக்கும்போது அவரைப் பேச வைக்காதீர்கள். இரவு படுக்கும் முன் பல் துலக்கியே ஆக வேண்டும். அசுத்தமான வாயின் உமிழ்நீர் தூக்கத்தில் நுரையீரலுக்குள் இறங்குவதுதான் நிமோனியாவுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று.

பந்தியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பக்கத்து இலைக்காரர் எழுந்த பிறகும் தான் ரசத்தில் கரைத்த இரண்டாவது கவளத்தில் நிற்பதையும், பரிமாறுகிறவர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவதையும் அவரால் தாங்க முடிவதில்லை. வீட்டிலேயே முன்கூட்டிச் சாப்பிட்டுவிட்டு, பந்தி நேரத்தில் உங்கள் பக்கத்தில் ஒரு கிண்ணம் பாயசத்தோடு உட்காரட்டும். என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் தன் மகள் திருமணத்தில் சம்பந்தியோடு பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் பாதி மிச்சமானது. அதை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: எனக்கு 49 வயது. அடிநாக்குப் பகுதியில் புற்று வந்து கதிர்வீச்சு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாய் எப்போதும் வறண்டே இருக்கிறது. எலுமிச்சை மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை. இப்போது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வலிக்கிறது. எங்கள் தெருவில் உள்ள பல் மருத்துவர் பிடுங்கிவிடலாம் என்கிறார். வாயும் முன்போல் திறப்பதில்லை.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் ஒன்று: அந்தப் பல்லை இப்போது பிடுங்க வேண்டாம். நீங்கள் கதிர்வீச்சு பெற்றவர் என்பது அந்தப் பல் மருத்துவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால் உடனே சொல்லுங்கள். உங்கள் தாடை எலும்பின் எந்தப் பகுதி எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சைப் பெற்றது என்ற விவரத்தைச் சிகிச்சை தந்த மருத்துவமனையிலிருந்து வாங்கிக் கொடுங்கள். 60 கிரேக்கு மேல் பெற்ற தாடையில், அதிலும் கீழ்த்தாடையில், ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். பல் பிடுங்கிய குழி ஆறாமல், எலும்பு வெளியே தெரிந்து, மெல்ல மடிந்துபோகும் நிலை வரலாம். இந்த அபாயம் ஐந்து, பத்து ஆண்டுகளில் தீர்ந்துபோவதில்லை; வாழ்நாள் முழுவதும் உண்டு. பல இடங்களில், பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து, மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டு வேரை எலும்பிலேயே விட்டுவைப்பார்கள். பிடுங்கியே தீர வேண்டும் என்றால், புற்றுநோய் மருத்துவரும் வாய்-முக அறுவை மருத்துவரும் கலந்து பேசிச் செய்ய வேண்டிய காரியம் அது.

எலுமிச்சை மிட்டாயை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆரோக்கியமான ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. பல்லின் மேல் படியும் அமிலத்தைக் கழுவுவதும், பல் இழந்த தாதுக்களைத் திருப்பித் தருவதும் அதுவே. அது வற்றிய வாயில் புளிப்பும் சர்க்கரையும் நாள் முழுவதும் ஊறினால், ஈறை ஒட்டிய இடத்தில் பல் வளையமாக அரித்து ஒடிந்து விழும். உங்கள் கடைவாய்ப் பல்லுக்கும் அதுவே நேர்ந்திருக்கலாம்.

அதற்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு வாய் நனைத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, தினம் பலமுறை கொப்பளித்துத் துப்புங்கள். சாராயம் கலந்த வாய்க் கொப்பளிப்பு மருந்துகள் வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். அதிக ஃபுளோரைடு உள்ள ஜெல்லோ பற்பசையோ எழுதித் தரச் சொல்லி, நாள் தவறாமல் பயன்படுத்துங்கள். உமிழ்நீரைத் தூண்டும் பைலோகார்பைன் என்ற மாத்திரை சிலருக்கு உதவும். ஆஸ்துமா, சிலவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் அதை எடுக்கக் கூடாது. உமிழ்நீர்ச் சுரப்பிகளை விலக்கிக் கதிர்வீச்சு தரும் நவீன முறையில் சிகிச்சை பெற்றிருந்தால், முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் ஓரளவு சுரப்பு திரும்பும். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாய் திறப்பதைப் பொறுத்தவரை, உங்கள் மூன்று விரல்களை நேர்க்குத்தாக அடுக்கிப் பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கக்கூடும். ஐஸ்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தாங்கும் அளவுக்குப் பற்களுக்கிடையே வைத்து, நாளுக்குப் பலமுறை நீட்டிப் பழக்கும் முறை உண்டு. வாரத்துக்கு ஒரு குச்சி கூடினாலே வெற்றி. ஆனால் உங்களுக்கு ஆடும் பல்லோ சொத்தைப் பல்லோ இருக்கும்வரை அதைப் பற்களின் மேல் செய்யாதீர்கள். பல்லைச் சரிசெய்த பிறகு பயிற்சியாளரின் மேற்பார்வையில் தொடங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள். சில மாதங்களாக எந்நேரமும் சோர்வு, உடம்பு கனம், குளிர் தாங்கவில்லை, யாரோடும் பேசுவதில்லை. நோய் திரும்பிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் தைராய்டு எப்படி இருக்கிறது என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது தைராய்டு சுரப்பு குறைகிறது. நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகள் அனைத்தும் அதற்குப் பொருந்துகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ இதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைவு என்று வந்தால் காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு, ஒரு மாத்திரை. தைராய்டு சரியாக இருந்தும் அம்மா பேசாமலே இருந்தால், மனச்சோர்வுக்கும் வைத்தியம் உண்டு. அதையும் கேட்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியரான என் தந்தைக்கு 66 வயது. ஐந்து மாதங்களுக்கு முன்பு குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கழுத்துத் துளை வழியே சுவாசிக்கிறார். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். இனி பேசவே முடியாதா? குளிப்பது முதல் எல்லாமே பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பேச முடியும். பழைய குரல் வராது. புதிய குரல் ஒன்று வரும். மூன்று வழிகள் உள்ளன. காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பம் போல வெளியே விட்டுப் பேசுவது ஒன்று; இதற்குச் செலவில்லை, ஆனால் பழக மாதங்கள் ஆகும். கழுத்தில் வைத்துப் பேசும் பேட்டரிக் கருவி இரண்டாவது. உடனே பேசலாம், ஒலி இயந்திரம் போல் ஒரே சுருதியில் இருக்கும். மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் சிறு சிலிக்கான் வால்வு. அமெரிக்காவைச் சேர்ந்த பிளாம், சிங்கர் இருவரும் 1980-இல் இந்த முறையை அறிமுகப்படுத்தினார்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு மூச்சை விட்டால், காற்று வால்வு வழியே உணவுக்குழாய்க்குள் சென்று, அங்குள்ள திசுவை அதிரவைத்துக் குரலாகிறது. மூன்றிலும் இயல்பான பேச்சுக்கு அருகில் வருவது இதுவே. விலைதான் பலருக்குத் தடையாக இருந்தது. பெங்களூரைச் சேர்ந்த புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ், 50 ரூபாய் விலையில் 'ஓம்' என்ற குரல் வால்வை உருவாக்கியிருக்கிறார் என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த வால்வாக இருந்தாலும் தேய்ந்துபோகும். தேநீர் குடிக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் கசிந்து இருமல் வந்தால், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

என்னிடம் பயின்ற ஒரு பேருந்து நடத்துநர், வால்வு பொருத்திய பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, முதல் நாள் நான்கிலேயே நின்றுவிட்டார். கட்டைவிரல் துளையைச் சரியாக மூடாமல் காற்று பக்கவாட்டில் சீறிக்கொண்டே இருந்தது. மூன்று வாரங்களில், வழித்தடத்தின் நிறுத்தங்களை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்லிக் காட்டினார். உங்கள் தந்தைக்குப் பாடம் நடத்திய பழக்கம் இருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்த செய்யுட்களைக் கொண்டே பயிற்சியைத் தொடங்கலாம்.

குளிக்கும்போது துளையை மறைக்கும் கவசம் அணியட்டும். குளம், கிணறு, ஆறு வேண்டாம். மற்ற நேரத்தில் ஈரப்பதம் காக்கும் வடிகட்டியோ, மெல்லிய பருத்தித் துணியோ துளையின் மேல் இருக்க வேண்டும். மூக்கின் வழியே காற்று போகாததால் வாசனை தெரியாது; எரிவாயு கசிந்தாலும் அவர் உணர மாட்டார். உதட்டை மூடிக்கொண்டு, கொட்டாவியை அடக்குவதுபோல் தாடையையும் நாக்கையும் கீழே இறக்கினால், மூக்குக்குள் சிறிது காற்று இழுபட்டு மணம் தெரியும், இதையும் கற்றுக்கொள்ளலாம். மூச்சைப் பிடித்து முக்க முடியாது என்பதால் கனமான பொருளைத் தூக்கவோ மலச்சிக்கலோடு சிரமப்படவோ விடாதீர்கள்.

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கட்டும். 'நான் கழுத்துத் துளை வழியாக மட்டுமே சுவாசிக்கிறேன். ஆக்சிஜனை மூக்கிலோ வாயிலோ வைக்காதீர்கள், கழுத்துத் துளையில் வையுங்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மயங்கி விழுந்தால் அவருக்காகப் பேசப்போவது அந்த அட்டைதான். பக்கத்து வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: கதிர்வீச்சு முடிந்து மூன்று மாதம். தலையைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடித்ததுபோல் இறங்குகிறது. இன்னும் எவ்வளவு காலம் மருத்துவமனைக்கு அலைய வேண்டும்? பாக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அந்த 'ஷாக்' கதிர்வீச்சுக்குப் பின் சில மாதங்களில் சிலருக்கு வருவது, பெரும்பாலும் தானே மறைந்துவிடும். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். கை கால் பலவீனமோ மரத்துப்போவதோ சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம். இந்த நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். ஆகையால் முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி கூட்டி ஐந்து ஆண்டுகள், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என்று போய்வர வேண்டியிருக்கும். நடுவில் கழுத்தில் புதிய கட்டி, ஒரு பக்கக் காதுவலி, எச்சிலில் ரத்தம், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் மாற்றம் தெரிந்தால், கொடுத்த தேதி வரும்வரை இருக்காதீர்கள்.

பாக்கு கூடாது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் பொருள்தான். கதிர்வீச்சில் நொந்துபோயிருக்கும் வாயில் புதிதாக இரண்டாவது புற்று வந்தால், அதே இடத்துக்கு மீண்டும் முழு அளவுக் கதிர்வீச்சு தருவது எளிதல்ல. கை பழக்கத்தில் சட்டைப்பையைத் தேடும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு பொட்டலம் ஏலக்காயை வைத்துக்கொள்ளுங்கள்.