ஹெட்ஃபோனில் சத்தம் வருகிறது, லேப்டாப் ஸ்பீக்கரில் வரவில்லை. போர்டு மாற்ற வேண்டுமா?

ஹெட்ஃபோன் மாட்டினால் பாட்டு கேட்கிறது, கழற்றினால் ஒரு சத்தமும் இல்லை, கடையில் போர்டு (லேப்டாப்புக்குள் எல்லா சிப்களும் பொருத்தியிருக்கும் முக்கியப் பலகை) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஹெட்ஃபோனில் சத்தம் வருகிறதென்றால் சத்தத்தை உண்டாக்கும் சிப் உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப்களில் ஸ்பீக்கருக்கும் ஹெட்ஃபோனுக்கும் ஒரே சிப்தான்.

போன வருடம் என் அக்கா மகளுக்கு இதே கதை நடந்தது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீடியோ பாடம் எதுவும் கேட்கவில்லை. கடைக்காரர் 6,500 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார். பிள்ளை அழாத குறையாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

நான் முதலில் ஒரு பாட்டை ஓடவிட்டேன். கீழே மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, சவுண்ட் செட்டிங்ஸ் போய், கடைசியில் இருக்கும் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' திறந்தேன். இது விண்டோஸ் 11-இல் உள்ள வழி. ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஒவ்வொரு சாதனத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பட்டை இருக்கும், சத்தம் எந்தப் பக்கம் போகிறதோ அங்கே பச்சையாக ஏறி இறங்கும். அவள் லேப்டாப்பில் அது ஹெட்ஃபோன் என்ற பெயருக்கு எதிரே துள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் துளையில் எதுவுமே மாட்டவில்லை!

ஹெட்ஃபோன் துளைக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஹெட்ஃபோன் பின் உள்ளே போனால் அது அழுந்தும், உடனே லேப்டாப் ஸ்பீக்கரை நிறுத்திவிடும். அந்த சுவிட்ச் தூசியாலோ துருவாலோ அழுந்தினபடியே நின்றுவிட்டால், பின் இன்னும் உள்ளே இருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொள்ளும். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். புத்தகப் பையின் பஞ்சுப் பிசிறு உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது.

லேப்டாப்பை முழுவதும் அணைத்துவிட்டு, மரத்தில் செய்த பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். ஊசி, சேஃப்டி பின் எதையும் உள்ளே விடவே கூடாது, சுவிட்ச் வளைந்துவிடும். அப்புறம் ஹெட்ஃபோன் பின்னை ஒரு இருபது தடவை சொருகிச் சொருகி எடுத்தேன். பதினைந்தாவது தடவையோ என்னவோ, 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம், விரலிலேயே தெரிந்தது. லேப்டாப்பைப் போட்டதும் ஸ்பீக்கர் பேசியது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

உங்களுக்கு அந்தப் பச்சைப் பட்டை வேறு பெயருக்கு எதிரே ஆடினால் விஷயம் இன்னும் சுலபம். பக்கத்து அறையில் கிடக்கும் புளூடூத் ஹெட்செட்டுக்கோ, எச்டிஎம்ஐ வயரில் மாட்டிய டிவிக்கோ சத்தம் போய்க்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்து லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஸ்பீக்கர் பெயருக்கு எதிரேயே ஆடுகிறது, ஆனாலும் கேட்கவில்லையா? டிவைஸ் மேனேஜரில் (லேப்டாப்பின் பாகங்களையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டும் விண்டோஸ் பகுதி) ஆடியோ டிரைவரை, அதாவது சவுண்ட் சிப்பை இயக்கும் மென்பொருளை, 'அன்இன்ஸ்டால்' செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் தானே ஒரு டிரைவரைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். இங்கே ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது போதாது. லேப்டாப் சீக்கிரம் திறப்பதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால் ஷட்டவுனில் விண்டோஸின் உள்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டுத் திரும்ப வரும், ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பலருக்கு இது தெரிவதில்லை.

அதற்கும் அசையவில்லையென்றால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' முறையில் ஓட்டிப் பாருங்கள். அங்கே சத்தம் வந்தால் கோளாறு விண்டோஸில்தான், போர்டில் இல்லை. அங்கேயும் வராவிட்டால்தான் ஸ்பீக்கரையோ அதன் வயரையோ சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஸ்பீக்கரை மட்டும் மாற்றித் தரும் கடையாகப் பாருங்கள். அவசரத்துக்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கி வெளி ஸ்பீக்கரை மாட்டிக்கொள்ளலாம், சில நூறு ரூபாய்தான் ஆகும்.

இன்று ராத்திரியே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அந்தப் பச்சைப் பட்டை எந்தப் பெயருக்கு எதிரே ஆடுகிறது என்று பார்த்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.