தேனீ ஏன் வேண்டாம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் இல்லஸ்ட்ரேஷன் (புத்தகங்களுக்குப் படம் வரைவது போன்ற விளக்கப்பட ஓவியம்) படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. இந்தப் பருவத்தில் வகுப்புப் பயிற்சிக்குப் பதிலாக நிஜமான ஒரு கிளையன்ட்டின் வேலையைக் கொடுத்தார்கள். ஒரு மருத்துவமனை. இரத்தப் பரிசோதனைக்கு வரும் சின்னக் குழந்தைகளுக்கு அங்கே என்ன நடக்கப்போகிறது என்று படங்களில் சொல்லும் 12 பக்கப் புத்தகம். வகுப்பில் எல்லோரும் ரஃப் (முதல்நிலை மாதிரிப் படம்) கொடுத்தோம், என்னுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

என் ரஃபில் இரத்தம் எடுக்கும் நர்ஸ் ஒரு தேனீ. கண்ணாடி போட்ட, கனிவான முகம் கொண்ட தேனீ. எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அது. "தேனீ வேண்டாம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மனித உருவமாக மாற்றினேன். "இன்னும் கொஞ்சம் ஜாலியாக இருக்கலாமே" என்றார்கள். நிறங்களைக் கூட்டினேன். பிறகு ஒருவர் ஊசியே தெரியக்கூடாது என்றார். இன்னொருவர் ஊசியை மறைத்தால் அது குழந்தையை ஏமாற்றுவது என்றார். மூன்றாமவர் சீருடையின் நிறத்தை மாற்றச் சொன்னார். மாதிரி அச்சில் என் பளீர் பச்சை மங்கிப்போய் வந்தது.

இப்போது அந்தப் படங்களைப் பார்த்தால் வேறு யாரோ வரைந்ததுபோல இருக்கிறது. பணமும் கிடையாது, "அனுபவம்" என்கிறார்கள். படிக்கும் காலத்தில் இந்த மாதிரி வேலை தேவைதானா? சொந்தக் கையை வளர்த்துக்கொள்வதுதானே முக்கியம்?

அன்புடன்,
ஒரு மாணவி (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள மாணவிக்கு,

அந்தத் தேனீ நல்ல யோசனை. ஆனால் பெரியவர்களான நமக்குத்தான் அது நல்ல யோசனை. நம் மனதில் தேனீ என்றால் சுறுசுறுப்பு, துளித்துளியாகச் சேகரிப்பது. நான்கு வயதுக் குழந்தைக்குத் தேனீ என்றால் கொட்டும், கொட்டினால் வலிக்கும். கையை நீட்டச் சொல்லும் அறையில் கொட்டும் பிராணி ஒன்றை நிறுத்தியிருக்கிறீர்கள். தினமும் அந்தக் குழந்தைகளோடு இருப்பவர்களுக்கு ரஃபைப் பார்த்த உடனேயே இது உறுத்தியிருக்கும் என்பது என் ஊகம். படத்தைப் பற்றி விளக்கிப் பேசிப் பழக்கமில்லாதவர்கள், அதனால் "வேண்டாம்" என்று மட்டும் எழுதிவிட்டார்கள்.

நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. உடனே மனித உருவத்துக்குப் போய்விட்டீர்கள். காரணம் தெரிந்திருந்தால் கொட்டாத இன்னொரு பிராணியைத் தேடியிருக்கலாம். தேனீயில் உங்களுக்குப் பிடித்த அந்தக் கண்ணாடியும் கனிவும் அதில் தங்கியிருக்கும். காரணம் தெரியாததால் எல்லாவற்றையும் சேர்த்துக் கைவிட்டீர்கள். உங்கள் கை படத்திலிருந்து காணாமல் போனது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

வகுப்புப் பயிற்சியில் இந்தச் சிக்கல் வராது. அங்கே பிரீஃபை, அதாவது என்ன வேலை வேண்டும் என்ற குறிப்பை, எழுதுபவர் ஆசிரியர். அவருக்குப் படம் பார்க்கத் தெரியும், தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லவும் தெரியும். நிஜ கிளையன்ட்டுக்குத் தன் வேலை தெரியும், தன் மனிதர்களைத் தெரியும். படம் எப்படி இருக்க வேண்டும் என்பது கண்ணால் பார்க்கும்வரை பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. அதனால் நீங்கள் அனுப்பும் ரஃப் அவர் முன்னால் வைக்கும் ஒரு கேள்வி. அதைப் பார்த்த பிறகுதான் அவர் யோசிக்கவே ஆரம்பிக்கிறார். வருகிற கரெக்ஷனை உங்கள் திறமைக்குப் போட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டால் மனம் உடையும். அந்தக் கேள்விக்கு வந்த பதிலாக எடுத்துக்கொண்டால், அரைகுறைப் பதிலாக இருந்தாலும், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் இப்படித்தான். ரோல்ட் டால் குழந்தைகளுக்காக எழுதிய 'தி பிஎஃப்ஜி' 1982இல் வெளிவந்தது, படங்கள் க்வென்டின் பிளேக். அதில் வரும் ராட்சதனுக்குக் கைப்பிரதியில் தோல் ஏப்ரனும் பெரிய பூட்ஸும் இருந்தன. பிளேக் அப்படியே வரைந்தார். படத்தில் பார்த்த பிறகு அது சரியாக வரவில்லை என்று இருவருக்கும் தோன்றியது, உடையை மாற்றினார்கள். காலில் என்ன போடுவது என்பதற்கு டால் தன்னுடைய செருப்பு ஒன்றையே பார்சலில் கட்டி பிளேக்குக்கு அனுப்பினார். அதுதான் புத்தகத்தில் ராட்சதனின் காலில் இருக்கிறது. அத்தனை பெரிய எழுத்தாளருக்கே தன் பாத்திரம் என்ன உடுத்தியிருக்கிறது என்பது வரைந்து காட்டிய பிறகுதான் தெளிவானது. அப்போதும் அவர் வார்த்தையால் விளக்கிக்கொண்டிருக்கவில்லை, பொருளை அனுப்பினார். உங்கள் மருத்துவமனைக்காரர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான். அந்தக் குட்டிக் குப்பிகளைக் காட்டுங்கள், கையில் கட்டும் பட்டையைக் காட்டுங்கள், நாற்காலி எவ்வளவு உயரம், குழந்தை உட்காரும் இடத்திலிருந்து என்னவெல்லாம் கண்ணில் படும்?

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒன்று கவனித்தேன். தேனீ இருக்கிறது, ஈமெயில்கள் இருக்கின்றன, பச்சை நிறம் இருக்கிறது. அந்தக் காத்திருப்பு அறை எங்கேயும் இல்லை. நீங்கள் அங்கே போனீர்களா? போகவில்லை என்றால், அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு காலைப்பொழுது போய் உட்காருங்கள். புத்தகம் யார் கையில் இருக்கிறது, அம்மா கையிலா குழந்தை கையிலா? எத்தனை நிமிடம் கிடைக்கிறது? கூப்பிட்டதும் புத்தகத்தை எங்கே வைக்கிறார்கள்? உங்களுக்கு வந்த பிரீஃபில் "12 பக்கம், குழந்தைகளுக்கு, வண்ணப் படங்கள்" என்று இருந்திருக்கும். அதற்கு உள்ளே இருக்கிற பிரீஃப் வேறு: ஒரு குழந்தை கொஞ்ச நேரம் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியை மேஜைக்கு மேலே எழுதி ஒட்டிவிட்டால், ஊசி தெரியலாமா கூடாதா என்ற சண்டையும் வேறு மாதிரி தெரியும். சில குழந்தைகள் ஊசியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் புத்தகத்தில் இடம் தரலாம். ஊசியை மறைக்காமல், பெரிதாக்காமல், ஒரு பக்கத்தில் மேஜைமேல் மற்ற பொருட்களோடு வைத்துவிடலாம். இது என் யோசனை மட்டுமே. முடிவு அந்த அறையில் வேலை செய்பவர்களுடையது.

"இன்னும் ஜாலியாக" என்பதைப் பற்றி. இந்த மாதிரி கருத்து வந்தால் நிறத்தைக் கூட்டிவிடாதீர்கள். முகங்களில் சிரிப்பு போதவில்லை என்று சொல்ல வந்திருக்கலாம். எல்லோரும் விறைப்பாக நிற்கிறார்கள் என்பதாக இருக்கலாம். பக்கம் காலியாக இருக்கிறது என்பதாகவும் இருக்கலாம். ஒரே பக்கத்துக்கு இரண்டு பென்சில் ரஃப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ஒன்றில் உடல் அசைவு கூடுதல், மற்றதில் சுற்றிலும் பொருட்கள் கூடுதல். "இதில் எது நீங்கள் சொன்னதற்குப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். கை காட்டிவிடுவார்கள். பார்த்துத் தேர்ந்தெடுப்பது எல்லோருக்கும் வரும், வார்த்தையில் சொல்வது சிலருக்குத்தான் வரும்.

மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் நீங்கள் நடுவராக உட்காரக் கூடாது. யார் சொன்னதைக் கேட்டாலும் மற்ற இருவருக்கும் குறை இருக்கும், அதற்கான பழியும் உங்கள் மேல் வரும். மூன்றையும் ஒரே பட்டியலாக எழுதி, எவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று காட்டி, பொறுப்பில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள். "உங்களுக்குள் பேசி ஒரே பதிலாகத் தாருங்கள், பிறகு மாற்றுகிறேன்." மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தொழிலில் இருப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவார்கள். முடிவு சொல்பவர் யார், பென்சில் ரஃபில் எத்தனை சுற்றுத் திருத்தம், வண்ண ரஃபில் எத்தனை, ஃபைனல் வந்த பிறகு எதை மாற்றலாம், எதை மாற்றினால் தனிக் கட்டணம், எல்லாம். தம்ப்நெயிலில் (விரலளவு குட்டி ரஃபில்) ஒரு பாத்திரத்தை மாற்றுவது சில நிமிட வேலை. ஃபைனலில் மாற்றினால் நாள்கணக்கில் போகும். கிளையன்ட்டுக்கு இது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். போனில் பேசினால் அன்றைக்கே ஒரு ஈமெயில் போடுங்கள்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது."

பச்சை நிறம் மங்கியது உங்கள் குற்றமும் இல்லை, அச்சகத்தின் குற்றமும் இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால். பளீரென்ற பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாம் அந்த நான்கு மைகளுக்கு எட்டாதவை. அந்த நான்கு மைகளில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சிஎம்ஒய்கே முன்னோட்டத்தைப் போட்டுக்கொண்டே வண்ணம் தீட்டினால் கடைசியில் ஏமாற்றம் இருக்காது. ஓரங்களில் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (தாளை வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க, வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் படம்) விட்டீர்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. உங்கள் தேனீயைப் படித்தபோது எனக்கு ஜான் டென்னியலின் குளவிதான் நினைவுக்கு வந்தது. 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' எழுதிய லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் புத்தகத்தில் தலையில் விக் வைத்த ஒரு குளவி வரும் பகுதி இருந்தது. படம் வரைந்த டென்னியல் 1870இல் கரோலுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பகுதி தன்னைக் கொஞ்சமும் ஈர்க்கவில்லை, அதை எப்படி வரைவது என்றே தெரியவில்லை, புத்தகத்தைச் சுருக்க நினைத்தால் இதுதான் வாய்ப்பு என்று சொன்னார். கரோல் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அதன் எழுத்து யார் கண்ணிலும் படவில்லை, 1974இல்தான் அச்சுப் பிழைதிருத்தப் படிகள் ஏலத்துக்கு வந்தன. டென்னியல் அப்போது பெயர் பெற்ற ஓவியர், அவர் சொன்னால் எடுபடும், நீங்கள் மாணவி, உண்மைதான். ஆனால் அவர் சொன்ன விதத்தைப் பாருங்கள். வருத்தத்தைப் பற்றிப் பேசவில்லை, புத்தகத்தைப் பற்றிப் பேசினார். ஏன் வேலை செய்யாது என்றார், என்ன செய்யலாம் என்றார். ஒரு கரெக்ஷனால் படம் கெட்டுப்போகும் என்று உண்மையிலேயே நினைத்தால், அந்தக் குழந்தையை முன்னே வைத்து அப்படிச் சொல்லிப் பாருங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கு உங்கள் கிளையன்ட்டிடம் பதில் கிடையாது. "இப்படி மாற்றினால் குழந்தையின் பார்வை ஊசிக்குத்தான் முதலில் போகும்" என்பதற்கு உண்டு.

சொந்தக் கையா, கிளையன்ட் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும், ஒன்று தருவதை இன்னொன்றிடம் கேட்கக் கூடாது. தேனீயைத் தனியாக வரையுங்கள். அவள் உங்கள் பாத்திரம், அவளுக்கு ஒரு கதை எழுதுங்கள், அங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மருத்துவமனைப் புத்தகத்தைப் போர்ட்ஃபோலியோவில் (வேலை கேட்கும்போது காட்டும் உங்கள் படைப்புகளின் தொகுப்பில்) வைக்கும்போது கடைசிப் படத்தை மட்டும் வைக்காதீர்கள். பிரீஃப், தேனீ ரஃப், அதை ஏன் மாற்றினீர்கள், கடைசிப் பக்கம் என்று வரிசையாக வையுங்கள். அழகாக வரைபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு ஆர்ட் டைரக்டர் உங்களிடம் வேலை தருவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புவது, இவரோடு ஒரு வேலையைக் கடைசிவரை கொண்டுபோக முடியுமா என்பதை. வகுப்புப் பயிற்சிகள் அதைக் காட்டாது. அதனால்தான் இந்த வேலை தேவை என்கிறேன்.

பணம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். கல்லூரியின் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் வேலையில் கற்பது நடக்கிறது, அதனால் பணமில்லாமல் இருப்பதை ஓரளவு ஏற்கலாம். ஆனால் வகுப்பு முழுவதையும் ரஃப் போடச் சொல்லி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. தேர்வாகாதவர்களுக்குக் கிளையன்ட்டின் பதில்கூடக் கிடைப்பதில்லை, இந்த மாதிரி வேலையில் கற்க இருப்பதே அந்தப் பதில்தான். ஏன் தேர்வாகவில்லை என்று ஒவ்வொருவருக்கும் நாலு வரி சொல்லும்படி உங்கள் ஆசிரியர் கேட்டிருக்க வேண்டும். தொழிலில் இருக்கும் ஓவியருக்குப் பணம் கொடுத்துச் செய்திருக்கக்கூடிய வேலையை இலவசமாக மாணவர்களிடம் வாங்குகிறார்களா என்பதையும் கல்லூரி பார்க்க வேண்டும். இன்றைக்கு இலவசமாக வரையும் நீங்கள்தான் இரண்டு வருடம் கழித்து அந்த வேலையைத் தேடிப் போகப்போகிறீர்கள்.

உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படைப்பாளிகளின் உரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் வரைந்த உடனேயே பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டாகிவிடுகிறது, பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்த உரிமை வரைந்தவரிடம் இருக்கிறதா, வரையச் சொன்னவரிடம் போகிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும், ஒப்பந்தத்தைப் பொறுத்தும் மாறும். கல்லூரிச் சேர்க்கைப் படிவத்திலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்கலாம், தேடிப் பாருங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். இந்தப் படங்கள் இந்தப் புத்தகத்துக்கு மட்டும், சுவரிலோ காலண்டரிலோ வேறு கிளைகளிலோ போடுவதானால் என்னிடம் கேட்க வேண்டும், என் பெயர் பின்னட்டையில் இருக்க வேண்டும், என் போர்ட்ஃபோலியோவில் நான் காட்டலாம், அச்சான பிரதிகள் சில எனக்கு வேண்டும். ஃபைனல் ஃபைல்களை அனுப்புவதற்கு முன்னால் ஆசிரியரையும் வைத்துக்கொண்டு இதைப் பேசுங்கள். அனுப்பிய பிறகு பேசுவது கடினம்.