லூபஸ் நோயாளிக்குத் தைராய்டு மாத்திரை ஏன் கேட்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 32. ஆறு ஆண்டுகளாக லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) இருக்கிறது. அதற்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், 5 மி.கி. பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு), கூடவே கால்சியம் சாப்பிடுகிறேன். சில மாதங்களாக ஓயாத அசதி, முடி கொட்டுகிறது, உடம்பு போடுகிறது. டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) 11 இருந்ததால் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் 9-இல் நிற்கிறது. காலையில் எல்லா மாத்திரைகளையும் டீயோடு சேர்த்துப் போட்டுவிடுவேன். லூபஸ் முற்றுகிறதா? ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டுமா? அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம்.

பதில்: ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். முதலில் மாற்ற வேண்டியது அந்தக் காலை டீ பழக்கத்தைத்தான். கால்சியம் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்துக்குள் போக விடாது. இரும்புச் சத்து மாத்திரையும் அசிடிட்டிக்குக் குடிக்கும் ஜெல்லும் அதே வேலையைச் செய்யும். டீ, காபியோடு சாப்பிட்டாலும் மருந்து சரியாக ஏறாது.

எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராக்ஸின் மட்டும் சாப்பிடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து டீ, பலகாரம். பிரெட்னிசோலோனும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சாப்பாட்டுக்குப் பிறகு. கால்சியத்தை மதியமோ இரவோ சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தைராக்ஸினுக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இப்படி 6 முதல் 8 வாரம் போன பிறகு டி.எஸ்.எச். பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் சரியான நிலவரம் தெரியாது. அப்போதும் குறையவில்லை என்றால் டோஸைக் கூட்டுவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

லூபஸ் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவது மற்றவர்களைவிட அதிகம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியையும் தாக்குவதுதான் பெரும்பாலும் காரணம். ஆன்டி டி.பி.ஓ. என்ற ரத்தப் பரிசோதனையில் இது தெரியும். ஆனால் தைராய்டு குறைந்ததாலேயே லூபஸ் முற்றுகிறது என்று பயப்பட வேண்டியதில்லை.

அசதி, முடி உதிர்தல், மூட்டு வலி மூன்றும் இரண்டு நோயிலும் வரும் என்பதால்தான் பலருக்குத் தைராய்டு தாமதமாகத் தெரிகிறது. மலச்சிக்கல், குளிர் தாங்காமை, அதிக மாதவிடாய், வறண்ட தோல் இருந்தால் தைராய்டை நினையுங்கள். வாய்ப்புண், முகத்தில் சிவப்புத் தடிப்பு, காய்ச்சல், வீங்கிய மூட்டு, நுரைக்கும் சிறுநீர் என்றால் லூபஸ். அப்போது லூபஸ் எவ்வளவு கிளம்பியிருக்கிறது என்று அறிய ரத்தத்தில் சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருள் அளவுகளைப் பார்ப்பார்கள்.

சிறுநீரில் புரதம் போகிறதா என்று எப்படியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கி நிறையப் புரதம் வெளியேறினால், அதோடு தைராய்டு ஹார்மோனும் போய்விடும். மாத்திரை போதாமல் இழுத்தடிக்கும். புரதம் போனாலும் முகம் வீங்கும் என்பதால், முகம் வீங்கியிருந்தால் ஸ்டீராய்டின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள்.

முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு 2, 3 நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள். தைராய்டுக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கும் முட்டைக்கோஸ், காலிஃபிளவரைச் சமைத்து வழக்கம்போலச் சாப்பிடலாம்.

குழந்தை விஷயத்தில் அவசரம் வேண்டாம். லூபஸ் குறைந்தது 6 மாதம் அடங்கியிருக்க வேண்டும். டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வந்த பிறகு முயற்சி செய்வது நல்லது. கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய எதிர்ப்பொருள்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஆன்டி ரோ, ஆன்டிபாஸ்போலிப்பிட் ரத்தப் பரிசோதனைகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பத்தில் பொதுவாக நிறுத்துவதில்லை; அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு விட்டுவிடாதீர்கள், நிறுத்தினால் லூபஸ் கிளம்பும் ஆபத்து அதிகம். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால், அந்த வாரமே டி.எஸ்.எச். பார்த்து மருத்துவரிடம் போங்கள். தைராக்ஸின் தேவை அப்போது கால் பங்குக்கு மேலேயே கூடும். அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்கக் கூடாது.