தாத்தாவின் வெள்ளிக் காசுகள்: மொத்தமாக எடை போட்டு விற்காதீர்கள்

கேள்வி: அப்பா காலமாகி எட்டு மாதமாகிறது. உயில் எதுவும் எழுதவில்லை. அவருடைய இரும்புப் பெட்டியில், தாத்தா காலத்திலிருந்து வந்த பழைய ஒரு ரூபாய்க் காசுகள் 180 இருந்தன. ஐந்தாம் ஜார்ஜ் 94, ஏழாம் எட்வர்ட் 22, விக்டோரியா 17, ஆறாம் ஜார்ஜ் 38, புலி போட்ட 1947-ஆம் வருஷக் காசு 9. மொத்த எடை 2 கிலோ 70 கிராம். உள்ளூர் நகைக்கடையில், “எல்லாம் அரை வெள்ளிதான், பாதி எடைக்கு இன்றைய விலை போட்டுத் தருகிறோம்” என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, அங்கே கொண்டுவந்தால் நல்ல விலை போகும் என்கிறான். பூஜையில் வைத்த காசுக்கு வரி இல்லை என்பது அம்மாவின் கட்சி. என்ன செய்யலாம்?
— வாசகர், காரைக்குடி

பதில்: கடைக்காரர் சொன்னது உங்கள் பெட்டியில் அதிகபட்சம் ஆறாம் ஜார்ஜ் 38 காசுக்குத்தான் பொருந்தும். மற்றவற்றுக்குப் பொருந்தாது. அந்த விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம். 1835 முதல் 1939 வரை அடித்ததில் வெள்ளி 91.7 சதவீதம், அதாவது காசுக்கு 10.69 கிராம் சுத்த வெள்ளி. போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1940-இல் அதைச் சரிபாதியாகக் குறைத்துவிட்டார்கள்: 50 சதவீதம் வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். எடை மாறவில்லை, ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளி 5.83 கிராம்தான். 1947 புலிக் காசில் வெள்ளி துளியும் இல்லை. அது முழு நிக்கல், காந்தத்தை நீட்டினால் ஓடிவந்து ஒட்டும்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் சேர்த்து 133. அதில் சுத்த வெள்ளி 1,422 கிராம். ஆறாம் ஜார்ஜ் 38-ம் 1940 முதல் அடித்த அரை வெள்ளி என்று கொண்டால் அதில் 221 கிராம். ஆக 1,643. கைமாறித் தேய்ந்ததற்கு ஒன்றரை சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 1,620 கிராம். கடைக்காரர் கணக்கில் இது 1,035 கிராம். 585 கிராம் வெள்ளி நடுவில் காணாமல் போகிறது. வெள்ளி கிராம் விலையில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் உங்களுக்கு 58,500 ரூபாய் நஷ்டம். அன்றைய கிராம் விலையை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

விலை பேசும் முன் பிரிக்கும் வேலை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மேசையில் பழைய வேட்டியை விரித்து, முதலில் காந்தத்தால் புலிக் காசுகளை ஒதுக்குங்கள். வேறு ஏதாவது காசும் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. பிறகு தலையைப் பார்த்து அல்ல, வருஷத்தைப் பார்த்துப் பிரியுங்கள். ஆறாம் ஜார்ஜில்தான் கவனம் வேண்டும்: 1938, 1939 என்று இருப்பவை பழைய தரம், 1940 முதல் 1945 வரை அரை வெள்ளி. ஒரே ராஜா முகம் என்று மொத்தமாகத் தள்ளிவிட்டால் நல்ல காசும் கூடவே போய்விடும்.

அடுத்து, 0.01 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கி ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். நன்றாகப் புழங்கிய காசு 11.4, 11.5 என்று காட்டும். அது தேய்மானம். 11-க்கும் கீழே போனால் சந்தேகப்படுங்கள். எடை சரியாக இருந்தும் போலி என்று பட்டால் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க முங்கும்படி தண்ணீரில் தொங்கவிடுங்கள். நல்ல 91.7 சதவீதக் காசு என்றால் தராசு சுமார் 1.13 காட்டும். அரை வெள்ளி 1.22 அளவில் நிற்கும். ஜெர்மன் சில்வர் என்கிற, வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவையில் செய்த போலி 1.35-ஐத் தொடும். காசில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாருங்கள்.

இந்த வேலையில் பலரும் செய்கிற பெரிய தவறு, காசைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. புளி, சாம்பல், பாத்திரம் துலக்கும் பவுடர், பற்பசை எதுவும் வேண்டாம். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்தக் கறுத்த இயற்கைப் பூச்சுக்கும் சேர்த்துத்தான். தேய்த்த கீறல் லென்ஸில் உடனே தெரியும், மேல்விலை அத்தோடு போச்சு. மலிவான பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்தாலும் பச்சைப் பிசுக்குப் பிடிக்கும். இப்போதைக்குத் தனித்தனிக் காகித உறை போதும். தாலிச்சரட்டிலோ காசுமாலையிலோ கோக்க ஓட்டை போட்ட காசும், வளையம் பற்றவைத்த காசும் இருந்தால் அவை வெறும் உலோக விலைக்குத்தான். அதில் ஏமாற்றம் வேண்டாம்.

எது வெறும் வெள்ளி, எது அதற்கு மேல்? உங்கள் 94 ஐந்தாம் ஜார்ஜில் பெரும்பாலும் 1917 முதல் 1920 வரை அடித்தவையாக இருக்கும். முதல் உலகப் போரில் இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்கு அவ்வளவு கிராக்கி. 1918-இல் அமெரிக்கா சட்டமே போட்டுத் தன் வெள்ளி டாலர்களை உருக்கி விற்க, அந்த வெள்ளி இங்கே வந்து ரூபாயானது. கோடிக்கணக்கில் அடித்த காசு அது. நூறு வயது ஆனதாலேயே அரிய காசு ஆகிவிடாது. ஆனால் 1911 என்ற வருஷம் கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள். ராஜாவின் அங்கியில் தொங்கும் மாலையில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். பன்றிக் காசு என்றே அதற்குப் பெயர். 1922-ம் தனியே வைக்க வேண்டியதுதான். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் அந்த வருஷத்தோடு நின்றுவிட்டது.

விக்டோரியா 17-ஐத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1840 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசா, ‘குவீன்’ என்று எழுதியதா, 1877 முதல் வந்த ‘எம்ப்ரெஸ்’ஸா என்று பிரியுங்கள். 1862 என்று இருப்பது மட்டும் பெரிய விஷயமில்லை. 1874 வரை அடித்த காசிலும் அதே வருஷத்தையே போட்டார்கள். அவற்றில் சின்னச் சின்னப் புள்ளிகளின் எண்ணிக்கை மாறும், சேகரிப்பவர்கள் அதை எண்ணித்தான் விலை சொல்வார்கள். செல்போனில் இருபக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். 1939 ரூபாய் ஒன்று கிடைத்தால் மட்டும் துள்ளிக் குதிக்காதீர்கள். அது உண்மையில் அரிது, அதனாலேயே போலியும் ஏராளம். கடைசி இலக்கத்தை லென்ஸில் பார்த்து, நாணயம் தெரிந்த இருவரிடமாவது காட்டுங்கள்.

என் கணிப்பில், 180-இல் பத்துப் பதினைந்து காசு சேகரிப்பாளர் பக்கம் போகும். மீதி வெள்ளி விலைக்குத்தான். அந்தப் பத்துப் பதினைந்தை நாணயச் சங்கங்கள் நடத்தும் கண்காட்சியில் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டுங்கள், அல்லது நாணய ஏலத்துக்கு அனுப்புங்கள். ஏலத்தில் கமிஷன் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும், விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். மீதியை இரண்டு குவியலாகவே கடைக்குக் கொண்டுபோங்கள்: 91.7 தனி, 50 தனி. தூய்மை பார்க்கும் மெஷின் உள்ள கடையில் கண்ணெதிரே சோதிக்கச் சொல்லி, உருக்கும்போது கழிக்கும் சேதாரம் எத்தனை சதவீதம் என்று முதலிலேயே கேளுங்கள். மூன்று கடையிலாவது விலை கேட்காமல் கொடுக்காதீர்கள். புலிக் காசுகளைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

இணையத்தில் “விக்டோரியா காசுக்குப் பத்து லட்சம்” என்று யாராவது பேசி, பதிவுக் கட்டணம், வரி என்று முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இது நடக்கிறது. தான் அப்படி எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.

தம்பியின் யோசனை நடக்காது. 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான நாணயம் தொல்பொருள், அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை. உங்கள் 133 காசும் 1922-க்குள் அடித்தவை, எல்லாமே அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. ஒரு காசு பெட்டியில் இருந்து விமான நிலையத்தில் பிடித்தாலும் வழக்குதான்.

அந்தத் தம்பியின் கையெழுத்து மட்டும் அவசியம் வேண்டும். உயில் இல்லாததால் இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்கள் இருவருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. விற்கும் முன் காசுகளின் பட்டியலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பணத்தையும் அதே விகிதத்தில் அவரவர் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

வரி விஷயத்தில் அம்மா சொல்வது சரியில்லை. வாரிசாகப் பெற்றதற்கு வரி இல்லை, ஆனால் விற்ற லாபத்துக்கு உண்டு. லட்சுமி பூஜைக்கு வைத்திருந்த வெள்ளி ரூபாய்களையும் கட்டிகளையும் சொந்த உபயோகப் பொருள் என்று கொள்ள முடியாது என 1976-இல் உச்ச நீதிமன்றமே ஒரு மகாராஜா வழக்கில் சொல்லிவிட்டது. காசு தாத்தா காலத்தது என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் சான்று வாங்கி வையுங்கள். அன்றைக்கு வெள்ளி கிலோ ஏழாயிரத்துச் சொச்சம்தான், அதனால் கழிவு பன்னிரண்டாயிரம் அளவில் நிற்கும். மிச்சத்துக்கு 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். இந்தியாவில் வசிக்கும் அம்மாவுக்கு மற்ற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பை எட்டாவிட்டால், அந்தக் குறையை அவருடைய பங்கு ஆதாயத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டில் வசிக்கும் தம்பிக்கு அந்தச் சலுகை இல்லை.

இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ஒருவரிடமிருந்து ரொக்கமாக வாங்காதீர்கள், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். கடைக்காரர் பில்லைத் துண்டு துண்டாகப் போட்டுத் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வங்கி வழியாகவே வாங்குங்கள்.